தாத்தா பாட்டிக்குச் சட்டத்தில் இடம் உண்டா?

1956-ல் வந்த இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தை எடுத்துப் பாருங்க. இயற்கைக் காப்பாளர் வரிசையில் அப்பா, அவருக்குப் பிறகு அம்மா. தாத்தா, பாட்டி பெயரே கிடையாது. அப்போ அவங்களுக்கு என்ன வழி?

அதுக்கு நாம 1890-க்குப் போகணும். வெள்ளைக்காரர் காலத்துக் காப்பாளர் சட்டம் அது. இன்னைக்கும் நடைமுறையில் இருக்கு. உறவினர் யாரும் மனு போடலாம். ஆனா நீதிமன்றம் முதலில் பார்ப்பது குழந்தையோட நலன்.

2021 கொரோனாவில் அப்பா, அம்மா ரெண்டு பேரையும் இழந்த ஒரு சிறுவனை, குஜராத் உயர் நீதிமன்றம் அவன் அம்மாவின் சகோதரியிடம் கொடுத்தது. தாத்தா பாட்டிக்கு வயசாகிடுச்சு என்பது ஒரு காரணம். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. வயசையும் வருமானத்தையும் மட்டும் வச்சு முடிவு செய்யக் கூடாதுன்னு சொல்லி, அப்பாவைப் பெத்தவங்ககிட்டயே பையனை ஒப்படைச்சது.

நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான்: "பேரன் எனக்குச் சொந்தம்"னு வாதாடினா போதாது. "என்கிட்ட அவன் நல்லா இருப்பான்"னு காட்டணும்.