பெயரைக் காட்டாத கருவி

ஓசூர் சிப்காட்டில் நான் வேலை பார்த்த ஆலையில், மெஷின் நின்றால் பேனலில் ஒரு எண் மட்டும் வரும். அதன் பொருள் சொல்லும் புத்தகம் மேலாளர் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். ஒருமுறை இரவு ஷிப்ட் முழுக்க லைன் நின்றது.

கணினிக்காரர்களுக்கும் இதே தொல்லை இருந்தது. ஓடும் நிரலுக்குள் பிழை தேட ரிச்சர்டு ஸ்டால்மன் 1986-ல் எழுதிய கருவி ஜி.டி.பி. சி பிளஸ் பிளஸ் நிரலில் பத்துப் பெயர் கொண்ட பட்டியலைக் கேட்டால், பெயர்களைக் காட்டாது; நினைவகத்தில் அது தொடங்கும் முகவரி, முடியும் முகவரி இவற்றையே காட்டும். பொய்யில்லை, பயனுமில்லை.

2009 அக்டோபரில் வந்த 7.0 பதிப்பு, எதை எப்படிக் காட்டுவது என்று பைத்தான் மொழியில் எழுதிவைக்க வழி செய்தது. அந்த விளக்கம் பிறகு நூலகத்தோடு சேர்ந்தே வந்தது. பட்டியல் கேட்டால் பெயர்கள் வந்தன.

புத்தகம் மெஷின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.