தசைக்குள் ஒரு நாணயம்

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள கடற்கரையிற் கரைவலை இழுப்போரைக் கண்டவர்க்கு ஒன்று புலப்படும். வலை கனக்குந்தோறும் அவர்களுக்கு மூச்சு வாங்குகிறது. வலை கரையேறிய பின்னரும் சற்று நேரம் அது தணிவதில்லை. உள்ளே சென்றவை சோறும் மீன் ஆணமும் காற்றும். வெளிப்பட்டது கயிற்றை இழுக்கும் வலிமை. இடையில் நிகழ்ந்தது யாது? இவ்வினாவுடன் அறிவுலகம் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு போராடியது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் பிரான்சு நாட்டு இலவோசியர், கினிப் பன்றி ஒன்றைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் வைத்து, அதன் உடல் வெப்பத்தால் உருகிய நீரை அளந்தார். சுவாசம் என்பது மெதுவாக எரியும் நெருப்பே என முடிவு செய்தார். பேருண்மைதான், ஆயினும் பாதியுண்மை. அடுப்பில் எரியும் விறகின் வெப்பம் நாற்புறமும் சிதறிவிடும். சிதறிய வெப்பத்தைக் கொண்டு தசை கயிறிழுக்க இயலாது. உணவின் சக்தியை உயிர்க்கலம் சிறு சிறு காசுகளாக மாற்றி, வேண்டியபோது செலவிட வேண்டும். அந்தக் காசு எது?

இலற்றிக் கமிலமே தசையை இயக்குகிறது என்பது 1920களின் விடை. தசை பற்றிய ஆராய்ச்சிகளுக்காக ஹில், மேயர்ஹோவ் என்னும் இருவர் 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசும் பெற்றிருந்தனர். இந்த விடையை அசைத்தவர்களுள் ஒருவர், சென்னையில் வைத்தியம் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்.

ஆந்திரத்துப் பீமவரத்தில் 1895இற் பிறந்த அவர், கல்லூரியிற் கதர் உடுத்தமையால் ஓர் ஆசிரியரின் வெறுப்புக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக, அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். தகுதியே கிடைத்தது. 1923இல் அமெரிக்கா சென்று, வைத்தியசாலையில் இரவுப் பணியாளாய் உழைத்துக்கொண்டே ஹார்வார்ட் பல்கலைக்கழகத்திற் கற்றார். அங்கே பிஸ்கே என்பவருடன் சேர்ந்து, பொசுபரசை நீலநிறத்தின் செறிவைக்கொண்டு அளக்கும் முறையொன்றை 1925இல் வகுத்தார்.

அம்முறையே புதிரொன்றைக் காட்டிற்று. தசைச்சாற்றில் மட்டும் நீலம் உடனே முழுமையாகத் தோன்றாமற் சிறிது சிறிதாக ஏறியது. வேறொருவராயின் அளவிற் பிழை என ஒதுக்கியிருப்பர். இவர்களோ, எளிதிற் சிதையும் பொருளொன்று தசையில் உளது என ஊகித்துத் தேடினர். அகப்பட்டது கிரியேற்றீன் பொசுபேற்று. தசை உழைத்தால் அது குறைந்தது. ஓய்ந்தால் மீண்டும் பெருகிற்று. அதே 1927இல் இங்கிலாந்திலும் இப்பொருள் கண்டறியப்பட்டது. 1930இல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்ட், இலற்றிக் கமிலம் உண்டாகாதவாறு நஞ்சூட்டப்பட்ட தசையும் சுருங்குவதைக் காட்டவே, பழைய கொள்கை வீழ்ந்தது.

இதற்கிடையே, 1929இல், காசு கையில் அகப்பட்டது. அதன் பெயர் அடினோசின் முப்பொசுபேற்று. சுப்பாராவே தனித்துக் கண்டார் என்பது மிகை. மேயர்ஹோவின் ஆய்வுகூடத்தில் லோமன் என்பவரும் அவ்வாண்டே அதனைக் கண்டார். அது கலத்தின் பொதுவான சக்தி நாணயம் என்பதை 1941இல் லிப்மன் தெளிவுபடுத்தினார்.

இனிக் கரைவலைக்கு வருவோம். கயிற்றை வெட்டியிழுக்கும் முதற் சில விநாடிகளுக்குத் தசையிலுள்ள அடினோசின் முப்பொசுபேற்றும், அதனை உடனுக்குடன் புதுப்பிக்கும் கிரியேற்றீன் பொசுபேற்றும் போதும். கைக்காசு தீர்ந்ததும் புதுக்காசு வார்க்கப்பட வேண்டும். கலத்தினுள் இருக்கும் இழைமணிகளிலே, சோற்றிலிருந்து வந்த குளுக்கோசின் சிதைவுப் பொருள்கள் ஒட்சிசனின் துணையாற் படிப்படியாக ஒட்சியேற்றப்படுகின்றன. ஒரு குளுக்கோசு மூலக்கூறுக்கு ஏறத்தாழ முப்பது காசு தேறும். மிச்சச் சக்தி உடற்சூடாகிறது. இலவோசியர் அளந்தது அவ்வெப்பத்தையே. மனிதவுடல் நாளொன்றுக்கு ஏறத்தாழத் தன் எடையளவு நாணயத்தை உண்டாக்கிச் செலவிடுகிறது. எந்நேரமும் கையிருப்போ மிகச் சொற்பம். வலை கரையேறிய பின்னும் மூச்சு வாங்குவது, தீர்ந்த கையிருப்பை மீண்டும் நிரப்புவதற்காகவுமே.

சுப்பாராவ் 1940இல் ஹார்வார்டை விட்டு மருந்து நிறுவனமொன்றிற் சேர்ந்து, 1948இல் நியூயோர்க்கில் மறைந்தார். நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. சக்தி நாணயத்தைப் பற்றிய பாடங்களில் அவர் பெயர் அரிதாகவே வருகிறது. ஆயினும், நீலநிறங்கொண்டு பொசுபரசு அளக்கும் அந்த முறை, பிஸ்கே–சுப்பாராவ் முறை என்றே இன்றும் வழங்குகிறது.