குனோங் ராபாட்டுக்கு வந்த குரல்

குனோங் ராபாட்டில், சுண்ணாம்புக் குன்றைப் பார்த்தபடி இருக்கிறது பெரியப்பா வீடு. காலையில் பசியாறியதும் மடிக்கணினியைத் திறப்பார். ஒரு குரல் தமிழ்ச் செய்தி வாசிக்கத் தொடங்கும். தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போன்ற, மூச்சே விடாத குரல். புதிதாகக் கேட்பவருக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. அவ்வளவு வேகம் வைத்திருக்கிறார். தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். பேரேட்டில் பால் கணக்கு எழுதிப் பழகிய கண்களை இனிப்புநீர் கொண்டுபோய்விட்டது. இப்போது காதால் படிக்கிறார்.

அந்தக் குரல் எங்கே பிறந்து, எந்த வழியாக இந்த மேசைக்கு வந்தது என்று தேடிப்போனேன்.

பிறந்தபோது அதற்குத் தமிழ் தெரியாது. 1995-இல் ஜோனதன் டட்டிங்டன் என்பவர், ஏக்கோர்ன் கணினிகளுக்காக 'ஸ்பீக்' என்ற நிரலை வெளியிட்டார். அது பேசியது பிரிட்டிஷ் ஆங்கிலம் மட்டும்தான். 2006 பிப்ரவரியில் அதையே திருத்தி, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்ற பொது உரிமத்தோடு லினக்ஸுக்குக் கொடுத்தார். பின்னாளில் அதன் பெயர் 'ஈஸ்பீக்'. யாரோ ஒருவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து பேசியதைத் துண்டு துண்டாக ஒட்டிய குரல் அல்ல இது. உயிரொலிகளின் அதிர்வைக் கணக்குப் போட்டு அந்தந்த நொடியில் உண்டாக்குவது. குழைவு இல்லாததற்குக் காரணம் அதுதான். எவ்வளவு விரட்டினாலும் சொல் சிதையாமல் நிற்பதற்கும் அதுவே காரணம். பல மொழிகளையும் சேர்த்து அது பிடித்த இடம் சுமார் 2 மெகாபைட். ஒரு சினிமாப் பாட்டு அதைவிடக் கூடுதல் இடம் கேட்கும். பழைய கணினி வைத்திருப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

அதே 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் விண்டோஸுக்கு ஒரு திரைவாசிப்பான் எழுதத் தொடங்கினார். அன்று சந்தையில் பேர்பெற்ற திரைவாசிப்பானின் விலை ஏறத்தாழ ஆயிரம் அமெரிக்க டாலர். கணினியைவிடக் கணினியைப் பேசவைக்கும் மென்பொருளுக்கு அதிகம் கொடுக்க வேண்டியிருந்தது. சிறுவயதில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான இசை முகாமில் அறிமுகமான ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்துகொண்டார். அவர்கள் உருவாக்கிய என்விடிஏ இன்றுவரை இலவசம். திரையில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துக் கொடுப்பது என்விடிஏ. அதை வாய்விட்டுச் சொல்ல அவர்கள் கூடவே வைத்தது ஈஸ்பீக் குரலை.

அந்தக் குரல் தமிழ் கற்ற கதை எனக்கு மிகவும் பிடித்தது. டட்டிங்டன் பல மொழிகளுக்கான தொடக்க விதிகளை விக்கிப்பீடியா போன்றவற்றில் படித்து எழுதினார்; அந்தந்த மொழிக்காரர்கள் கேட்டுத் திருத்தம் சொன்னார்கள். தமிழ் இதற்கு இடம் கொடுக்கும் மொழிதான். 'க' ஓர் எழுத்து. 'கடல்' என்னும்போது ஓர் ஒலி, 'தங்கம்' என்னும்போது வேறு, 'பகல்' என்னும்போது இன்னொன்று. நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, நாக்குக்கே தெரியும். இயந்திரத்துக்கோ சொல்லியாக வேண்டும்: சொல்லின் முதலில் வந்தால் இப்படி, மெல்லினத்துக்குப் பின் வந்தால் அப்படி, இரண்டு உயிருக்கு நடுவே வந்தால் இன்னொரு விதம் என்று. 2015 முதல் ரீஸ் டன் தொடங்கிய 'ஈஸ்பீக் என்ஜி' என்ற கிளை இந்த வேலையைத் தொடர்ந்தது.

ஆனால் குரல் தமிழ் கற்றால் போதாது. எழுத்தும் தமிழாக இருக்க வேண்டும். நெடுங்காலம் அப்படி இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரிவது 'அம்மா'. கணினிக்குள் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை மாட்டிவிட்டது போல. கண் உள்ளவருக்கு ஒரு குறையும் தெரியாது. குரல் சட்டையைப் பார்க்காது, உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். தமிழுக்கென்று தனி இடம் 1991-இல் யூனிகோடில் கிடைத்தது. அது வீடுகளுக்கு வந்துசேர இன்னும் வருடங்கள் பிடித்தன. அந்த வழியில் நம் மலேசியாவின் பங்கும் உண்டு: முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு மென்பொருளும், பின்னர் வந்த அஞ்சல் விசைப்பலகையும் தமிழைக் கணினியில் தட்டெழுத நம்மைப் பழக்கின. 2010-இல் தமிழ்நாட்டு அரசு யூனிகோடை அதிகாரபூர்வத் தரமாக ஏற்றது. எழுத்தாளர்கள் வசதிக்காகச் செய்ததாக நாம் நினைக்கும் இந்த மாற்றம்தான் பெரியப்பாவுக்குப் பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்தது.

இன்னொரு சின்னக் கண்ணியும் உண்டு. ஓர் இணையப் பக்கத்தின் நிரல் தொடக்கத்தில் இது எந்த மொழி என்று குறிக்கும் இரண்டே எழுத்துச் சுட்டி. அதைப் போடச் சொல்வது உலகளாவிய அணுகல் வழிகாட்டியின் அடிப்படை நிலை விதிகளில் ஒன்று. தமிழ்ப் பக்கத்தில் ஆங்கிலம் என்று குறித்துவிட்டால் ஆங்கிலக் குரல் வந்து, தமிழை வாசிக்கத் தெரியாமல் தாண்டிப் போய்விடலாம். மலேசியாவின் 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 30-ஆம் பிரிவு தகவலுக்கும் தொழில்நுட்பத்துக்கும் உள்ள அணுகலை உரிமையாகவே சொல்கிறது. மீறியவருக்கு என்ன தண்டனை என்று அந்தச் சட்டம் இயற்றப்பட்டபோது சொல்லவில்லை. அது இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இத்தனை தூரம் கடந்து வந்த குரல் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து நின்றுவிட்டது. போன வருடம் பெரியப்பாவோடு ஒரே லயத்தில் வளர்ந்த சினேகிதர் காலமானார். செய்தி அழகான அட்டையாக வந்தது: படம், பெயர், நேரம், மயானம் எல்லாம் ஒரே படத்துக்குள். கீழே நாங்கள் ஆளாளுக்குக் கைகூப்பும் குறி போட்டோம். சிலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி ஆறுதல் சொன்னார்கள். அதைக் குரல் கடித்துக் குதறியது. அட்டையைப் பற்றி அது சொன்னது 'போட்டோ' என்ற ஒரே சொல். அடக்கம் முடிந்த மறுநாள்தான் அவருக்குத் தெரியும்.

"ஏம்மா, யாராவது ரெண்டு வரி எழுதிப் போட்டிருக்கலாமே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது எந்த அட்டை வந்தாலும் அக்கா அதன் கீழே தமிழில் தட்டிவிடுகிறாள்: யார், என்ன, எங்கே, எத்தனை மணி. நேற்று இரவு ஒரு கல்யாண அழைப்பு வந்தது. குரல் வழக்கமான வேகத்தில் அதை வாசித்தது. பெரியப்பா ஒரு முறை நிறுத்தி, மண்டபத்தின் பெயரை மட்டும் திரும்பக் கேட்டார். பிறகு பெரியம்மாவைக் கூப்பிட்டு, சந்தன நிறச் சட்டையை எடுத்து வைக்கச் சொன்னார்.