தோப்பியும் சாடியும்: வீட்டில் அட்ட கள்ளின் கதை

ஆஸ்திரேலியாவில் வாழும் நம் பழைய மாணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் நீண்டதொரு மின்னஞ்சல் எழுதியிருந்தார். வீட்டிலேயே முதன்முறையாக முழுத் தானியத்திலிருந்து பியர் வடித்தாராம். கடையில் விற்கும் மால்ட் சாற்றைக் கரைக்கும் குறுக்குவழி அன்று. முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை நொறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புநீரை வடித்தெடுத்து, ஹாப்ஸ் பூவிட்டுக் கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவிடும் முழுப்பாதை. விலையுயர்ந்த கலங்கள் வாங்கக் கையில் பணமில்லை. ஆகவே பெரிய பானை ஒன்று, வலைத்துணியில் தைத்த பை ஒன்று, வெப்பமானி, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி ஆகியவற்றைக் கொண்டே காரியத்தை முடித்துவிட்டார். தானியத்தைத் துணிப்பையில் இட்டு ஊறவைத்துப் பையோடு தூக்கிப் பிழியும் இம்முறை அந்நாட்டாரிடமிருந்தே உலகெங்கும் பரவியது என்பதையும் பெருமையோடு குறிப்பிட்டிருந்தார். கடைசி வரி இது: "ஐயா, இதற்கும் தமிழில் ஏதேனும் உண்டா?"

உண்டு. அவருக்கு எழுதிய பதிலே விரிந்து இக்கட்டுரையாயிற்று.

கள் என்றதும் இன்று நம் நினைவில் எழுவது பனையும் தென்னையும். கடையநல்லூர்ப் பக்கத்து மாணவர்களுக்குச் சங்கப்பாடல் நடத்தும்போது, கள் என்ற சொல் வரும் இடமெல்லாம் அவர்கள் ஒரு பனைமரத்தை நட்டுவிடுவார்கள். பழந்தமிழில் அச்சொல்லின் பரப்பு பெரிது. மரத்திலிருந்து இறக்குவது ஒன்று. தேனை மூங்கிற்குழாயில் இட்டு முதிரவைப்பது மற்றொன்று. அரிசியை அட்டு விளைவிப்பது மூன்றாவது. இம்மூன்றாவதன் பெயர்களுள் ஒன்று தோப்பி. நெல்லாற் செய்த கள் என்று உரையாசிரியர் பொருள் கூறுவர். நடுகல்லுக்குப் பீலி சூட்டித் தோப்பிக்கள்ளைப் பலியோடு படைக்கும் வழக்கம் அகநானூற்றின் 35ஆம் பாட்டில் வருகிறது. பெரும்பாணாற்றுப்படையோ தோப்பியை வீட்டில் அடப்பட்ட கள் என்றே அடையாளம் காட்டுகிறது. அடுதல் என்றால் சமைத்தல். இறக்கும் கள்ளுக்கு அடுப்பு வேண்டியதில்லை, இதற்கு வேண்டும்.

வேறு சில பெயர்களையும் பாருங்கள். அரியல் என்பது அரிக்கப்பட்டது. பிழி என்பது பிழியப்பட்டது. தேறல் என்பது தெளிந்தது. மூன்று தொழில்கள் மூன்று சொற்களாக உறைந்து கிடக்கின்றன. நம் மாணவர் துணிப்பையைத் தூக்கிப் பிழிந்து, வண்டல் அடியில் தங்கும்வரை காத்திருந்து செய்ததும் இவற்றையே. அரிக்கும் கருவி எது என்று கேட்டால் பன்னாடை என்று நாட்டுப்புறத்தார் இன்றும் சொல்வர். மாணாக்கர் வகையைக் கூறும் நன்னூல் நெய்யரியை உவமையாக எடுத்தது. நல்லதை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் கருவி ஆயிற்றே! வகுப்பறையில் வசைச்சொல்லாகிவிட்ட இக்கருவிக்கு இப்படியும் ஒரு கௌரவமான பிழைப்பு இருந்திருக்கிறது.

இனி, செய்முறை. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், வலைஞர் குடியிருப்புக்கு வரும்போது அதை ஏறத்தாழ ஒரு சமையற்குறிப்பாகவே தந்துவிடுகிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்க வேண்டும். அகன்ற வாயுடைய பிழாவில் அதைக் கொட்டி ஆற்ற வேண்டும். பாம்பு உறையும் புற்றிலுள்ள குரும்பியைப் போன்ற, பொலிவுடைய புறத்தைக் கொண்ட நல்லடையை அதில் கலக்க வேண்டும். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய வேண்டும். வலிய வாயுடைய சாடியில், இளமைநாற்றம் நீங்குமாறு விளைந்ததை விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். உடன் உண்பதற்குச் சுட்ட மீன்.

இந்த வரிசை தற்செயலாக அமைந்ததன்று. அரிசியின் மாவுச்சத்து நன்றாக வெந்து குழைந்தால்தான் சர்க்கரையாக மாற இணங்கும். எனவே முதலில் களி. மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் என்சைம்கள் முளைவிட்ட தானியத்தில் இருக்கின்றன. மிகுந்த சூட்டில் அவை செத்துப்போகும். எனவே முளையைச் சேர்க்குமுன் ஆற்ற வேண்டும். இன்று வாற்கோதுமையை ஊறவைப்போர் நீரின் சூட்டை ஏறத்தாழ 65 முதல் 68 பாகை செல்சியஸுக்குள் நிறுத்தப் படும் பாடு கொஞ்சமன்று. வலைஞர் வீட்டுப் பெண்ணிடம் வெப்பமானி இல்லை. அகன்ற பிழா இருந்தது. வாயகன்ற கலத்தில் களி விரைவாகவும் சீராகவும் ஆறும். கலத்தின் வடிவத்திலேயே தொழிலறிவு இருந்தது. வாயை இறுக மூடத்தக்க சாடி புளிக்கவைக்க. வாய் விரிந்த பிழா ஆற்ற. இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தினால் இரண்டு காரியமும் கெடும்.

நல்லடை எது என்பதில்தான் நமக்கு நெடுநாள் ஐயம். நச்சினார்க்கினியர் முளையை இடித்துக் கலப்பதாக உரை கூறுகிறார். அவ்வுரையோடு பத்துப்பாட்டை உ.வே.சாமிநாதையர் 1889இல் பதிப்பித்தார். ஆனால் 'அடை' என்ற சொல்லும் புற்றுக் குரும்பி என்ற உவமையும் வேறொன்றை நினைக்கவைக்கின்றன. குரும்பி என்பது கறையான் தன் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம். துளைதுளையாக, மேலே வெண்பொடிகளோடு இருக்கும். ஜார்க்கண்டில் ஹண்டியா என்னும் சோற்றுக்கள்ளை ரானு என்ற மாவுருண்டை இட்டுப் புளிக்கவைப்பர். அவ்வுருண்டையில் பூஞ்சையும் ஈஸ்டும் குடியிருக்கும். அசாமின் திமாசா மக்களது ஜுதிமாவுக்கு 2021இல் புவிசார் குறியீடே கிடைத்தது. நம் நல்லடையும் அத்தகைய பூஞ்சை அடைதானோ? அப்படியானால் தமிழ்க்கள் கிழக்காசிய மரபின் பக்கம் சாய்கிறது. முளை என்றால் மெசொப்பொத்தேமியா, ஐரோப்பா ஆகியவற்றின் மால்ட் மரபோடு நிற்கிறது.

நமக்கு விடை கிடைத்தது நூலகத்தில் அன்று, நாற்றங்கால் வரப்பில். இங்கே மலையடிவாரத்து வயல்களில் விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கில் கட்டி மூடிவைப்பார்கள். உரிய நேரத்தில் பிரித்து விதைக்காமல் விட்டால், முளையும் வேரும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்; சாக்கை அவிழ்த்தால் நெல் நெல்லாக உதிராது, கட்டியாக, துளைகளோடு, வெண்வேர்கள் மேலே பூத்தாற்போல வந்து விழும். கையில் எடுத்துப் பார்த்தபோது வியப்பாக இருந்தது: அதுவே ஓர் அடை, அதுவே ஒரு குரும்பி. உழவருக்கு அது நட்டம், நமக்கு உரைவிளக்கம்! உவமையும் சரி, உரையும் சரி, ஒன்றையொன்று மறுக்கவில்லை என்பது நம் துணிபு. பூஞ்சைக் கட்சியை இது முற்றாக விலக்கிவிடாது; ஆயினும் நச்சினார்க்கினியரைக் கைவிடக் காரணமில்லை.

முளையின் ஆற்றலை அறியப் பழம்பாட்டுக்குக்கூடப் போக வேண்டாம். குழந்தைக்கு முளைகட்டிய கேழ்வரகு மாவில் கஞ்சி காய்ச்சும் தாய்மாருக்கு அது சாதா மாவுக் கஞ்சியைப்போல இறுகாது என்பது தெரியும். களியை நீராக்குவதும் பாலனுக்கு ஊட்டுவதும் ஒரே என்சைம்தான்.

இந்த அறிவு யாருடையது? அதே பெரும்பாணாற்றுப்படையில் கடற்கரைப் பட்டினத்துக் கள் அடும் மகளிர் வருகின்றனர். அவர்கள் வட்டில் கழுவி ஊற்றிய நீர் வழிந்து சேறாக, அதில் பன்றிக்குட்டிகள் புரள்கின்றன. புலவர் கண் பன்றியின்மேல். நம் கண் கழுவும் கையின்மேல். கலம் தூய்மையாக இல்லாவிட்டால் கள் புளித்துக் காடியாகும் என்பது இன்றைய வீட்டு வடிப்பாளர் கற்கும் முதற்பாடம். ஏறத்தாழ 1800 கி.மு. அளவில் எழுதப்பட்ட சுமேரியப் பாடலொன்று நின்காசி என்ற பெண்தெய்வத்தைக் கள் வடிப்பவளாகப் போற்றுகிறது. நம் மகளிர்க்குத் தெய்வப்பெயர் வாய்க்கவில்லை.

பின்னர் என்னாயிற்று? அறநூல்கள் கள்ளைக் கடிந்தன. திருக்குறளின் 93ஆம் அதிகாரமே கள்ளுண்ணாமை. எனினும் குடி ஒழியவில்லை, மரக்கள்ளும் ஒழியவில்லை. அருகியது அரிசிக்கள். பயின்று வந்த சொற்களும் பின்னர்ப் பனைமரத்திலேயே ஏறிக்கொண்டன. உணவுநெல்லைச் செலவிட்டு, இரண்டு நாள் அடுப்பும் கலமும் கவனமும் கேட்கும் கள்ளைவிட, மரத்தில் தானே சுரப்பது எளிதன்றோ?

எஞ்சியதையும் சட்டம் மூடியது. ராஜாஜி அரசு 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971இல் தளர்ந்து, 1974இல் மீண்டும் இறுகி, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 1987 முதல் கள்ளுக்குத் தடை. உரிமமின்றி எதையும் வடிப்பது குற்றம் என்ற 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிலை மட்டும் மாறவில்லை. பிரிட்டனில் 1963இல் வீட்டு வடிப்புக்கு உரிமம் வேண்டாமென்றாயிற்று. அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் வீட்டுப் பியருக்கு வரிவிலக்களித்தது. தமிழ்நாட்டிலோ ஆலைப் பியரை அரசுக்கடையில் வாங்கலாம், வீட்டுச்சாடிக்குத்தான் சிறை. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் பிழா தேடிப் புறப்பட வேண்டாம். நாமும் நாற்றங்கால் வரப்போடு நின்றுகொண்டோம்.

மாணவருக்கு எழுதிய பதிலின் முடிவில் ஒரு வேண்டுகோள் வைத்தோம்: அவர் இருக்கும் நாட்டில் தடையில்லை என்பதால், அடுத்தமுறை வாற்கோதுமைக்குப் பதில் முளைகட்டிய நெல்லையும் குற்றாத அரிசிக் களியையும் வைத்து, பாட்டில் உள்ளபடியே இரண்டு பகல் இரண்டு இரவு பார்க்கட்டும் என்று. போன வாரம் விடை வந்தது. நுரை குறைவாம், சற்றுப் புளிப்பாம், வெண்மையாகக் கலங்கியிருந்ததாம். துணிப்பை அடைத்துக்கொண்டதால் கடைசியில் விரலால்தான் பிழிய வேண்டியிருந்ததாம்.