வீராம்பட்டினமும் இரண்டு ஸ்காட்லாந்துக்காரர்களும்

பாண்டிச்சேரி என்றால் பிரான்ஸ் என்று எழுதி எழுதி நமக்குப் பழகிவிட்டது. ஆனால் அரியாங்குப்பம் ஆறு கடலில் சேருமிடத்தை ஒட்டியுள்ள இந்தச் சிற்றூரின் சரித்திரத்தில் ஸ்காட்லாந்தும் இரண்டு முறை குறுக்கிட்டிருக்கிறது. முதல் தடவை பீரங்கியோடு; இரண்டாம் தடவை மண்வெட்டியோடு.

வங்கியில் பேரேடு எழுதுகிறவன் நான். பற்று எங்கே, வரவு எங்கே, கணக்கு யார் பெயரில் என்று பார்ப்பது தொழில் தந்த குணம். ஒரு விடுமுறை நாளில் அரிக்கமேட்டுத் தென்னந்தோப்புகளுக்குள் நடந்தபோதும் அந்தக் குணம்தான் கூட வந்தது.

முதலாமவர் ஹெக்டர் மன்றோ. வடக்கு ஸ்காட்லாந்துக்காரர். 1778இல் பாண்டிச்சேரியை முற்றுகையிட்டு அக்டோபரில் பிடித்தார். 1780இல் ஹைதர் அலியின் படைக்கு முன்னால் நிற்க முடியாமல், கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்தில் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். 1781இல் டச்சுக்காரரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றினார். பிறகு தன் ஊர்ப்பக்கம், ஆல்நெஸ் என்னும் சிறிய ஆற்றங்கரை ஊருக்கு மேலே ஃபைரிஷ் குன்றின் உச்சியில், நாகப்பட்டினக் கோட்டைவாசலின் சாயலில் ஒரு கல்வாசல் எழுப்பச் செய்தார். வேலையற்றிருந்த குடியானவர்களுக்குக் கூலி கொடுப்பதற்காகவே கட்டியதாகவும், வேலை நாட்கள் நீள வேண்டுமென்று ஏற்றிய கற்களை அவரே உருட்டிவிட்டதாகவும் அங்கே ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியானாலும் வாசல் இன்றும் நிற்கிறது. வெற்றி நம் கரையில். நினைவுச்சின்னம் அவர்கள் குன்றில்.

இரண்டாமவர் மார்ட்டிமர் வீலர். 1890இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். வளர்ந்தது இங்கிலாந்தில், ஆகவே ஸ்காட்லாந்து அவருக்குப் பிறப்பிடம் மட்டுமே. இந்தியத் தொல்பொருள் துறையின் தலைவராக இருந்த அவர் 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ வகை மட்கலங்கள் கிடைத்தன. அவற்றின் காலம், கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதி, ஐரோப்பாவில் முன்பே நிச்சயமானது. அவற்றோடு அதே மண்ணடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானைகளுக்கும் அதனால் ஒரு தேதி கிடைத்தது. அந்தத் தேதியைக் கொண்டு 1947இல் மைசூர்ப் பகுதியின் பிரம்மகிரியில் தென்னிந்தியப் பழமைக்கே ஒரு காலவரிசை அமைத்தார். முறை என்ற அளவில் இது அபாரமான காரியம்; தென்னிந்தியத் தொல்லியல் இன்னும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

ஆனால் முறையோடு ஒரு பார்வையும் சேர்ந்து வந்தது. சாதாரண மீன்பிடி ஊர் ஒன்றை ரோம வணிகம் வந்து பட்டினமாக எழுப்பியது என்பது வீலரின் சித்திரம். தேதிக்கு ரோமைச் சார்ந்த ஊர், சீவனுக்கும் ரோமையே சார்ந்ததாக ஆகிவிட்டது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்திய அகழ்வு இந்தச் சித்திரத்தைக் கலைத்தது. ரோமக் கலங்கள் வருமுன்பே இங்கே குடியிருப்பு இருந்தது. அவை நின்ற பின்பும் வாழ்க்கை நிற்கவில்லை. மணிகள் கோத்த கைகளும், பானை ஓட்டில் தமிழ்-பிராமியில் பெயர் கீறிய கைகளும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

இதை இந்தப் பத்திரிகையில் எழுதக் காரணம் உண்டு. நம் விமர்சனமும் வீலரின் முறையைத்தான் கைக்கொண்டிருக்கிறது. ஒரு தமிழ்க் கவிதை நவீனமானதா என்று தீர்மானிக்க, அதற்குள் எலியட்டின் ஓடு ஏதும் அகப்படுகிறதா என்று தோண்டுகிறோம். அகப்பட்டால் தேதி போட்டுவிடுகிறோம். அகப்படாவிட்டால் வெறும் மீன்பிடி ஊர். ஆங்கிலம் படித்துவிட்டு வந்த என் போன்றவர்களுக்கு இந்தச் சோதனை சுலபம், ஏனென்றால் ஓட்டை அடையாளம் காணத்தான் எங்களுக்குப் பயிற்சி. இறக்குமதி ஓடு காலத்தைச் சொல்லும். பானையில் என்ன சமைத்தார்கள் என்று சொல்லாது.

அரிக்கமேட்டில் இன்று கண்ணுக்குத் தெரியும் செங்கல் சுவர்கள் ரோமருடையவை அல்ல. 18ஆம் நூற்றாண்டின் மிஷன் கட்டடத்தினுடையவை. நிற்பதெல்லாம் பழமை அல்ல, பழமை முழுவதும் நிற்பதும் இல்லை. வீராம்பட்டினத்திலோ ஆடி மாதத்தில் செங்கழுநீர் அம்மன் தேர் ஓடுகிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வடம் தொட்டுத் துவக்கிய வழக்கம் துணைநிலை ஆளுநர் காலத்திலும் தொடர்கிறது. தேர் என்னவோ மற்றவர்கள் இழுப்பதால்தான் நகர்கிறது.