ஸ்டெப்பர் மோட்டார் வீட்டுக்கு வந்த கதை

மரப்பலகையில் எழுத்து வெட்ட நான் செய்து வைத்திருக்கும் சின்ன சி.என்.சி. மெஷினைப் பார்க்க வந்த நண்பர் ஒருவர், "மில்லில் எல்லாம் சர்வோ மோட்டார்தானே, நீங்கள் ஏன் ஸ்டெப்பர் போட்டீர்கள்?" என்று கேட்டார். காசுதான் காரணம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் அதன் பின்னால் பெரிய கதை இருக்கிறது.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கை செய்து கொடுத்து வந்தார். இறக்கையின் வளைவைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு, அந்த எண்களைக் கொண்டே மெஷினை ஓட்டலாமே என்பது அவர் யோசனை. 1949-ல் விமானப்படை பணம் கொடுத்தது. 1952-ல் எம்.ஐ.டி. ஆய்வகத்தார் ஒரு சின்சினாட்டி மில்லிங் மெஷினைத் துளையிட்ட காகித நாடாவால் ஓட்டிக் காட்டினார்கள். உள்ளே நூற்றுக்கணக்கான வால்வுகள், நம் பழைய ரேடியோவில் இருந்ததைப் போல. மேஜை இப்போது எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே, பிசகினால் திருத்திக்கொண்டே அது ஓடும். சர்வோ என்பது இதுதான்.

ஜப்பானில் இனாபா என்ற எஞ்சினியர் வேறு வழியில் போனார். 1959-ல் ஃபேனக் கொண்டுவந்த மோட்டாரில், ஒரு சின்ன ஸ்டெப்பர் திரும்ப, அதன் சொற்படி எண்ணெய் அழுத்தம் பெரிய பாரத்தை இழுத்தது. எங்கே நிற்கிறாய் என்று கேட்பது கிடையாது. நூறு துடிப்பு அனுப்பினால் நூறு அடி நகர்ந்திருக்கும் என்ற நம்பிக்கைதான். நன்றாகவே விற்றது. 1973-ல் எண்ணெய் விலை ஏறியதும், ஓயாமல் ஓடும் ஹைட்ராலிக் பம்புக்கு மின்சாரம் செலவழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. இனாபா தன் மோட்டாரைத் தானே கைவிட்டு, அமெரிக்க கெட்டிஸ் கம்பெனியிடம் உரிமம் வாங்கி டி.சி. சர்வோவுக்கு மாறினார். தான் வளர்த்த பிள்ளையை வீட்டை விட்டு அனுப்புவது போலத்தான். எத்தனை முதலாளிகளுக்கு அந்தத் துணிச்சல் வரும்?

பெரிய மெஷினை விட்டுப் போன ஸ்டெப்பர், பிரிண்டரிலும் ஃபிளாப்பி டிரைவிலும் பிழைத்துக்கொண்டது. அதன் ஒரு சுற்றுக்கு ஏன் 200 அடி தெரியுமா? உள்ளே ரோட்டரில் 50 பல். மின்சாரத்தின் ஒரு சுழற்சிக்கு நான்கு அடி. நேரே கரண்டில் மாட்டி மெதுவாக ஓடவிடும் மோட்டாராகவும் இதே வகை விற்றது. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 72 சுற்று, நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் 60 சுற்று. பிறகு கணினிகள் பழசாகி, ரிச்சி தெருவில் கழற்றிப்போட்ட பிரிண்டர் மோட்டார்கள் வந்தபோதுதான் எங்களைப் போன்றவர்கள் கைக்கு எட்டியது.

இனி என் மெஷினுக்கு வருகிறேன். மூன்று நெமா 23 மோட்டார். 23 என்பது முகத்தின் அளவு, 2.3 அங்குலம், பலத்தைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது. 5 மி.மீ. பிட்ச் ஸ்க்ரூவில் ஓர் அடிக்கு 0.025 மி.மீ. நகரும், மர வேலைக்கு இதற்கு மேல் தேவையில்லை.

லேபிளில் 3 ஆம்பியர், 3 வோல்ட் என்று இருக்கும். அதைப் பார்த்துக் குறைந்த வோல்ட் சப்ளை வாங்கக் கூடாது. நிமிடத்துக்கு 300 சுற்றில் ஓடினால் ஓர் அடிக்குக் கிடைப்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் சுருளில் கரண்ட் ஏறியாக வேண்டும். சுருளோ சட்டென்று ஏறவிடாது. 36 வோல்ட்டில் தள்ளினால் ஏறிவிடும், 3 ஆம்பியர் தொட்டதும் டிரைவர் வெட்டிவிடும். இன்னொரு நண்பர் 12 வோல்ட் போட்டிருந்தார். மெதுவாக ஓட்டியபோது ஒரு குறையும் இல்லை. வேகம் கூட்டினதும் அடி தவறியது. தவறியது மெஷினுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு வெட்டிக்கொண்டே போய், நல்ல தேக்குப் பலகை ஒன்று குப்பைக்குப் போனது.

நான் போட்டிருப்பது 36 வோல்ட், 350 வாட் எஸ்.எம்.பி.எஸ். என் டிரைவர் 50 வோல்ட் வரை தாங்கும். அந்த இடைவெளி வேண்டும். மோட்டார் சட்டென்று நிற்கும்போது அதுவே ஜெனரேட்டராகி வோல்ட்டைத் திருப்பி அனுப்பும். ஒன்று மட்டும், கரண்ட் இருக்கும்போது டிரைவரிலிருந்து மோட்டார் ஒயரைக் கழற்றாதீர்கள். டிரைவர் அந்த நிமிடமே போய்விடும்.