மேடிசனுக்குப் போனவரும் சிதம்பரத்தில் இருந்தவர்களும்: வெங்கி ராமகிருஷ்ணனின் தன்வரலாற்றுக் குறிப்பு குறித்து ஒரு மறுவாசிப்பு

வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைத் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் இருவருடனும் பகிர்ந்துகொண்டார். அதையொட்டி அவர் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பின் முதற்பகுதி சிதம்பரத்தைப் பற்றியது. அப்பகுதி நம்மிடையே இரண்டு விதமாக வாசிக்கப்பட்டுவந்திருக்கிறது. ஒன்று ஊர்ப்பெருமை: நடராசர் கோயில் இருக்கும் ஊரில் பிறந்தவர் ரைபோசோமின் அமைப்பைக் கண்டார் என்பது. மற்றொன்று அறிவு வெளியேற்றம்: இங்கே பிறந்தவர் கேம்பிரிட்ஜுக்குச் சொந்தமாகிவிட்டார் என்பது. மனநிலையில் எதிரெதிரான இவ்விரண்டும் ஒரே பிழையைச் செய்வதாக எனக்குப் படுகிறது. இரண்டும் மகனைப் பார்க்கின்றன. அந்தப் பகுதியிலோ மகன் கைக்குழந்தை. உயிர்மருத்துவ ஆய்வுப் பயிற்சிக்காக அயல்நாடு சென்றிருந்தவர் அவருடைய தந்தை.

குறிப்பு சொல்லும் செய்திகள் சில. 1952இல் குழந்தை பிறந்தபோது தந்தை சி. வி. ராமகிருஷ்ணன் அமெரிக்காவின் மேடிசனில், நொதியியல் அறிஞர் டேவிட் கிரீனின் ஆய்வகத்தில், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சியில் இருந்தார். ஏறத்தாழ ஆறு மாதம் வரை அவர் குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. தாய் ஆர். ராஜலட்சுமி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்கள் பாட்டியும் தாத்தாவும் ஓர் உறவுப் பெண்ணும். அந்தப் பெண்ணின் உறவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அத்தையையும் சித்தியையும் பிரித்துக் காட்டாதது. தமிழில் எழுதியிருந்தால் எந்த வீட்டு உழைப்பு இது, தந்தை வழியா தாய் வழியா என்பது அந்த ஒரு சொல்லிலேயே விளங்கியிருக்கும்.

இந்தச் செய்திகளை முந்தைய வாசிப்புகள் பின்னணி விவரங்களாகக் கடந்துபோயின. இவற்றைச் சேர்த்து வைத்தால் ஒரு பொருளாதாரம் தெரிகிறது. மேடிசனில் ஒருவர் நொதிகளைப் பயில, அண்ணாமலைநகரில் ஒருவர் சம்பளத்துக்கு உழைத்தார். அவர் வகுப்புக்குப் போக, வீட்டில் இருந்தவர்கள் தொட்டிலை ஆட்டினார்கள். ஆய்வுநல்கையின் கணக்கில் முதலாமவர் மட்டுமே இடம்பெறுவார். அயல்நாட்டுப் பயிற்சியை, தனியொருவருக்கும் வழங்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஏற்பாடாக வரையறுக்கும் ஆய்வுமரபு இங்கேதான் தடுமாறுகிறது என்பது என் துணிபு. அந்தப் பயிற்சிக்கான செலவில் ஒரு பங்கைச் சிதம்பரத்தில் ஒரு வீடு ஏற்றுக்கொண்டது. அந்தப் பங்கு பணமாக எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். தந்தை திரும்பி வந்தார். 1955இல் பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் துறையைத் தொடங்கினார். மூன்று வயதுப் பிள்ளையுடன் குடும்பம் அங்கே குடியேறியது. பின்னர் பயிற்சிக்குப் போகும் முறை தாய்க்கு வந்தது. ராஜலட்சுமி கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார்; அதற்கு அவர் எடுத்துக்கொண்டது 18 மாதம். அவருடைய கூர்த்த அறிவுக்குச் சான்றாகவே இந்த எண் மேற்கோள் காட்டப்படுகிறது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் கடலுக்கு அப்பால் சிறுபிள்ளையை விட்டு வந்த ஒரு தாய் நாள்களை எண்ணிக்கொண்டே படித்த அவசரமும் அந்த எண்ணுக்குள் இருக்கலாம். இதை ஊகம் என்றே வைக்கிறேன். ஆனால் திறமையை மட்டும் காணும் வாசிப்பும் ஊகமே.

திரும்பி வந்தபின் அவர் செய்தது இன்னும் கவனிக்கத்தக்கது. மெக்கிலில் பயின்ற உளவியலை அப்படியே இங்கு இறக்கிவைக்காமல், கணவரின் உயிர்வேதியியலோடு இணைத்து, ஊட்டச்சத்துக் குறைவு மூளையின் வளர்ச்சியையும் செயலையும் எவ்வாறு பாதிக்கிறது என்னும் கேள்விக்குக் கொண்டுவந்தார். பசித்த பிள்ளைகள் நிறைந்த நாட்டில் எழவேண்டிய கேள்வி அது. வெளிநாட்டுப் பயிற்சி பெற்றவர் தம் மக்களின் நோயை விட்டு விலகி அயல்நாட்டு ஆய்வகங்களின் கேள்விகளையே சுமந்து வருவார் என்ற பொதுவான குற்றச்சாட்டு, குறைந்தது இந்த வாழ்க்கையின் முன் நிற்கவில்லை.

சான்றின் வரம்பையும் சொல்லியாக வேண்டும். தான் பிறந்த காலத்தைப் பற்றி ஒருவர் எழுதுவது அவர் கண்டதாக இருக்க முடியாது. வீட்டார் சொல்லக் கேட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்து, உலகப் புகழின் உச்சியில் எழுதப்பட்டது. எனவே 1952இன் நேர்ச்சான்றாக அதைக் கொள்ள நான் தயங்குகிறேன். ஆனால் அந்தத் தூரமே என் வாசிப்புக்கு வலுச் சேர்க்கிறது. இத்தனை ஆண்டுக்குப் பின்னும், யார் எங்கே இருந்தார், குழந்தை யாரிடம் இருந்தது என்பது அந்தக் குடும்பத்தில் மறக்கப்படவில்லை. தேசியம் பிறப்பால் நேரும் தற்செயல் என்று வெளிப்படையாகச் சொன்னவர் வெங்கி. ஊரைப் பெரிதாக எண்ணாத ஒருவர் தம்மை வளர்த்தவர்களை மட்டும் எழுதாமல் விடவில்லை.

பயன் பரோடாவுக்குத்தானே போயிற்று, சிதம்பரம் அடங்கிய தென்னார்க்காட்டுக்கு என்ன கிடைத்தது என்பது ஒரு மறுப்பு. அண்ணாமலைநகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி தொடங்கியதே 1985இல்தான். 1950களின் தொடக்கத்தில் நொதியியல் பயின்றவர் எங்கு துறை இருக்கிறதோ, எங்கு அதை உருவாக்க இடம் தருகிறார்களோ அங்கேதான் போவார். பிள்ளைகள் இருவருமே, வெங்கியும் காசநோய் ஆய்வாளரான லலிதா ராமகிருஷ்ணனும், அயல்நாட்டில் தங்கிவிட்டார்களே என்பது மற்றொரு மறுப்பு. பிள்ளைகளின் முடிவைக் கொண்டு பெற்றோரின் பயிற்சியை அளப்பது முறையன்று. இதற்கு மேல் அதில் நேரம் செலவிடத் தேவையில்லை.

ஒப்பீட்டுக்கு எல்லாப்பிரகட சுப்பாராவ் உதவுவார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1920களில் பாஸ்டனுக்குப் போனவர், 1948இல் இறக்கும்வரை தாய்நாடு திரும்பவேயில்லை. அவர் மனைவி இங்கேயே இருந்தார். ‘வெளியேற்றம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டால் சுப்பாராவும், போய்த் திரும்பிய சி. வி. ராமகிருஷ்ணனும், இளைஞராகப் போய்த் தங்கிய வெங்கியும் ஒரே வரலாற்றின் மூன்று பக்கங்களாகிவிடுகிறார்கள். வீட்டைப் பார்த்தால் மூன்றும் வெவ்வேறு. ஒன்றில் காத்திருப்புக்கு முடிவில்லை. இன்னொன்றில் காத்திருப்பு முடிந்து, அதன்பின் மனைவிக்கும் போய்வரும் முறை வந்தது. மூன்றாவதில் வீடே உடன் இடம்பெயர்ந்தது. திரும்பியவர் எத்தனை பேர், எழுதிய கட்டுரைகள் எத்தனை என்று எண்ணும் இன்றைய மதிப்பீடுகளில் இந்த வேறுபாட்டுக்கு இடமே இல்லை.

இந்த வாசிப்பைச் சோதிக்க ஒரு வழி உண்டு. 1950களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியோரின் விடுப்பு, சம்பளப் பதிவேடுகள் எஞ்சியிருந்தால், கணவரோ மனைவியோ அயல்நாட்டில் பயின்றபோது இங்கே பணியில் நீடித்தவர்கள் எத்தனை பேர் என்று பார்க்கலாம். தேடுவோர் கடலூர் மாவட்டம் என்று தேடினால் கிடைக்காது. 1993வரை சிதம்பரம் தென்னார்க்காட்டைச் சேர்ந்தது. தாள்கள் அந்தப் பெயரில்தான் கட்டப்பட்டிருக்கும்.